கூத்கோ என்றால் குதி அல்ல

சேறு என்றால் சௌம்யாவுக்கு உயிர் போய்விடும். இது அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்பதுதான் அன்றைக்கு ராத்திரி அவளுக்கு வந்த சிக்கல்.

போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டு, போனை வாயருகே வைத்து, தோழி வைஷாலிக்கு வாய்ஸ் மெசேஜ் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் அப்பா குப்புசாமியின் குறட்டை சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஹாலில் பெரியம்மா மகன் தருண்குமார் பாயில் புரளும் சத்தம் கேட்டது. அவன் இன்னும் தூங்கவில்லை. அதனால் மூச்சுக் காற்றிலேயே, தமிழில் 'டீ' போடும் இடத்தில் கன்னடத்துக் 'கணே' போட்டுப் பேசினாள்.

"வைஷு, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத கணே. நான் சேத்துல ஒரே ஒரு தடவதான் கால் வெச்சேன். கன்னுக்குட்டி வெரல சப்புமே, அந்த மாதிரி என் கால அது சப்புச்சு. வயித்து வலின்னு பொய் சொல்லிட்டு வந்து உக்காந்துட்டேன். அப்புறம் எல்லாரோட பையையும் புடிச்சிக்கிட்டு கரையில நின்னதுதான். நாளைக்கு விடிஞ்சதும் எங்க லேஅவுட் ஏரியில தருண் அண்ணா என்னை நம்பி எறங்கறாரு. எனக்கு இப்பவே கை காலெல்லாம் நடுங்குது கணே."

அனுப்பினாள். ஒரு டிக் மட்டும் விழுந்தது. வைஷாலி தூங்கியிருப்பாள்.

சௌம்யாவின் காலேஜில் ஒரு பறவை கிளப் இருக்கிறது. வெயில் ஏற ஏற மைசூரைச் சுற்றியுள்ள ஏரிகளில் தண்ணீர் உள்வாங்கி, ஓரமெல்லாம் சதுப்பாகிவிடும். பறவைகள் அங்கேதான் மேயும். அவற்றை எண்ண வேண்டுமென்றால் இறங்கித்தான் ஆகவேண்டும். அதற்காக கிளப் பிள்ளைகள் சேற்றில் நடக்கப் பழகியிருந்தார்கள். சௌம்யாவின் குரல் கணீரென்று இருக்கும் என்பதால், இறங்குவதற்கு முன் பாதுகாப்பு விதிகளை உரக்கச் சொல்லும் வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். கன்னடத்தில் மூன்றே வார்த்தை. நில்லு, கூத்கோ, மல்கோ. கால் மாட்டினால் முதலில் அசையாமல் நில். அப்புறம் பின்னால் சாய்ந்து உட்கார். அதுவும் பற்றவில்லை என்றால் மல்லாந்து படு. உடம்பின் எடை பரவிவிட்டால் சேற்றால் ஆளை இழுக்க முடியாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் இதை ஒப்பிப்பாள். ஒப்பிப்பதோடு சரி.

வீட்டிலோ சாப்பாட்டு நேரக் கதைகளில் அவள்தான் எல்லோருக்கும் முன்னால் சேற்றில் நடந்துபோவாள். யாராவது மாட்டிக்கொண்டால் அவள்தான் மீட்பாள். தருண் வாயில் சோற்றை வைத்ததை மறந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

தருண் மேட்டூருக்குப் பக்கத்தில் கொளத்தூர்க்காரன். பாலாறு செக்போஸ்ட் வழியாக வரும் பஸ்ஸில் போன மாதம்தான் வந்து இறங்கினான். மஞ்சுநாத் என்பவர் கல்யாண வீடியோ எடுப்பவர். அவரிடம் உதவியாள் வேலை. கன்னடம் சுத்தமாக வராது. முதல் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கையைக் குறுக்கே நீட்டி "சாம்பார் பேடா" என்று சொல்ல, சாம்பாரில் பேடா போட்டுச் சாப்பிடுகிற ஊரா இது என்று திகைத்துப்போனான். பேடா என்றால் வேண்டாம் என்று அர்த்தம் என சௌம்யா விளக்கிய பிறகுதான் அவனுக்கு நிம்மதி வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் செய்த காரியம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். மஞ்சுநாத் வெளியூர் போயிருந்த நேரம். அவருடைய ட்ரோனைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பழகலாமே என்று லேஅவுட்டுக்குப் பின்னாலிருக்கும் அரளிக்கெரே ஏரிக்குப் போனான். வானத்தில் செம்பருந்து ஒன்று இருந்தது. தன் இடத்தில் இது எவன் என்று அதற்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒரே அடி. ட்ரோன் சுழன்று சுழன்று, சதுப்பின் நடுவே ஒரு புல்திட்டில் போய் உட்கார்ந்தது.

ட்ரோன்கூடப் பரவாயில்லை. உள்ளே இருந்த மெமரி கார்டுதான் பெரிய கவலை. நஞ்சன்கூட்டில் நடந்த ஒரு கல்யாண ஊர்வலம் அதில் இருந்தது. இன்னும் காப்பி எடுக்கவில்லை. கல்யாணப் பெண்ணின் தாத்தா கம்பில்லாமல் நடக்க முடியாதவர்; அவர் பேண்டு சத்தம் கேட்டதும் கம்பை மருமகனிடம் கொடுத்துவிட்டு ஆடியதை மேலே இருந்து அவனே எடுத்திருந்தான். திங்கட்கிழமை காலையில் மஞ்சுநாத் வந்து கேட்கும்போது கார்டு இல்லையென்றால், அடுத்த பஸ்ஸில் கொளத்தூர்தான். அவனைப் போகச் சொல்லாவிட்டாலும், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவனே போய்விடுவான்.

இதை அவன் சொல்லி முடித்ததும் சௌம்யாவின் வாய் முந்திக்கொண்டது. "அண்ணா, நான் இருக்கேன்ல. காலையில எடுத்துர்லாம்" என்றுவிட்டாள். சொன்ன பிறகுதான் உள்ளங்கால் கூசியது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல் வாசலில் லக்கேஜ் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டி வந்தவர் வைஷாலியின் அப்பா செல்லக்கண்ணு. மேட்டுகள்ளிப் பக்கம் பஞ்சர் கடை வைத்திருப்பவர். ஆட்டோ முழுக்க அவரே உட்கார்ந்திருப்பது போலத் தெரியும், அவ்வளவு பெரிய உடம்பு. பின்னால் காற்றடித்த லாரி டியூப்பும் இரண்டு கயிற்றுச் சுருளும் கிடந்தன. வைஷாலி இறங்கி வந்து சௌம்யாவின் காதைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனாள்.

நடந்தது இதுதான். லாரிகளுக்காக விடியும் முன்பே கடை திறந்ததும் வைஷாலி போனை ஆன் செய்திருக்கிறாள். போன் தானாகவே ஆட்டோவின் ஸ்பீக்கரோடு சேர்ந்துகொண்டது. மெசேஜைத் தட்டியதும், கன்றுக்குட்டி விரல் சப்பியதிலிருந்து கை கால் நடுங்கியது வரை, கடைத் தெருவே கேட்கும்படி ஒலித்திருக்கிறது. அப்பா கேட்டார். அம்மா கேட்டாள். டயரைக் கழற்றிவிட்டுக் காத்திருந்த இரண்டு லாரி டிரைவர்களும் கேட்டார்கள். அதில் ஒருவர், பாவம் அந்தப் பாப்பா, டியூப்பை எடுத்துப்போங்கள் என்று தன் லாரியின் டியூப்பையே கொடுத்தனுப்பியிருக்கிறார்.

சௌம்யாவுக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. செல்லக்கண்ணு ஒன்றும் தெரியாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்:

"என்ன அம்முணி, கன்னுக்குட்டியப் பாக்கப் போலாமா?"

"என்ன கன்னுக்குட்டி மாமா?" என்றான் தருண்.

"அது எங்களுக்குள்ள ஒரு பேச்சு" என்று சொல்லி அவர் வண்டியைக் கிளப்பினார்.

குப்புசாமிக்கு சென்ட்ரிங் வேலை. வீட்டுச் சுவரோரம் அடுக்கியிருந்த பலகைகளில் மூன்றையும், நீளமான மூங்கில் இரண்டையும் அவரிடம் கேட்டே எடுத்து, கிளம்பும்முன் ஆட்டோவில் போட்டிருந்தார்கள். செல்லக்கண்ணு கூடப் போகிறார் என்றதும் அவரும் மறுப்புச் சொல்லவில்லை.

அரளிக்கெரே வெயிலுக்கு முந்தைய வெளிச்சத்தில் சாதுவாகக் கிடந்தது. சாக்கடைத் தண்ணீர் கலக்கும் ஏரி. லேசாக நாறும். ஆனால் அங்கே மேயும் நீர்க்கோழிகளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. ஊதா நிறத்தில், சிவப்பு மூக்கோடு, பெரிய பெரிய விரல்களை விரித்துச் சேற்றின்மேல் நீலக்கோழிகள் உலாத்தின. சம்புப் புல்லுக்கு அந்தப் பக்கம், பச்சைத் திட்டின்மேல் வெள்ளையாக ட்ரோன் தெரிந்தது. ராத்திரி பனியைத் தவிர அதன்மேல் ஈரம் எதுவும் படவில்லை.

சௌம்யா கரையில் நின்று விதிகளைச் சொன்னாள். குரல் மட்டும் நடுங்கவில்லை. சாம்பல் நிறத்தில் வெடித்துக் கிடக்கிற இடம் தாங்கும். கறுப்பாக மினுக்குகிற இடத்தில் கால் வைக்கக் கூடாது. மூங்கிலால் குத்திப் பார்க்காமல் ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது. ஒரு பலகையில் நின்றுகொண்டு அடுத்த பலகையை முன்னால் போட வேண்டும். அதில் ஏறி, பின்னால் இருப்பதை எடுத்து மறுபடி முன்னால் போட வேண்டும். பலகையை விட்டு இறங்கவே கூடாது. இறங்கினால்தானே மாட்டும் என்று, மாட்டினால் செய்ய வேண்டியதை மட்டும் சொல்லாமல் விட்டாள்.

தருண் முட்டி வரை மஞ்சள் கம் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்திருந்தான். மழைநாள் கல்யாணங்களுக்காக மஞ்சுநாத் வைத்திருப்பது. அது வேண்டாம், சேறு அதைக் கவ்விக்கொள்ளும், இறுக்கிக் கட்டிய பழைய ஷூதான் நல்லது என்று சௌம்யா சொன்னாள். உடைந்த பாட்டில் காலைக் கிழித்தால் என்ன செய்வது என்று அவன் கேட்டான். அதுவும் நியாயம்தான். அவனிடம் வேறு ஷூவும் இல்லை. பூட்ஸோடு கிளம்பினான்.

கிளம்பும்முன், அவள் கூட வரவில்லையா என்று மட்டும் கேட்டான்.

"ரூல்ஸ் சொல்றவங்க கரையிலதான் நிக்கணும்ணா."

செல்லக்கண்ணுவுக்கு இருமல் வந்தது.

கயிற்றை அவன் அக்குளுக்குக் கீழே சுற்றிக் கட்டி, மறுமுனையை வைஷாலி பிடித்துக்கொண்டாள். அந்த முனையின் வாலை, யாரும் பார்க்காதபோது, செல்லக்கண்ணு ஆட்டோவின் பின்கம்பியில் முடிந்து வைத்தார். அவருக்கு அதில்தான் நம்பிக்கை.

கிட்டத்தட்ட முழுத் தூரமும் எல்லாம் நன்றாகவே போனது. பலகை, ஏற்றம், பலகை, ஏற்றம். ஒரு தடவை திரும்பிக் கையைக்கூட ஆட்டினான். ட்ரோனுக்கு இரண்டு கை தூரம் இருக்கும்போது பின்னாலிருந்த பலகை சம்புப் புல்லில் சிக்கி நகர மறுத்தது. மூங்கிலை நீட்டிப் பார்த்தான். முனை ட்ரோனைத் தொட்டது, ஆனால் அது புல்லில் மாட்டிக்கொண்டு வரவில்லை. ஓர் அடிதானே என்று பலகையை விட்டு இறங்கினான்.

கறுப்பாக மினுக்கிய இடம் அது. முட்டி வரை உள்ளே போனான்.

"நில்லு" என்று கத்தினாள் சௌம்யா.

அவன் நின்றான். அந்த வார்த்தை இரண்டு மொழியிலும் ஒன்றுதான். அடுத்த வார்த்தை அப்படியில்லை. பயத்தில் அவளுக்கு, எந்த மொழியில் மனப்பாடம் செய்தாளோ அந்த மொழியில்தான் வந்தது.

"அண்ணா, கூத்கோ!"

தருண் ஒரு நொடி யோசித்தான். பிறகு, தங்கை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற முழு நம்பிக்கையோடு, இருந்த இடத்திலேயே எகிறிக் குதித்தான். பாதித் தொடை வரை போனான்.

"கூத்கோ! கூத்கோண்ணா!"

அவன் மறுபடியும் எகிறினான். இந்தத் தடவை முன்னைவிட வேகமாக. இடுப்புக்கு ஒரு சாண் கீழே வரை சேறு ஏறியது. எதற்காக இவன் இப்படித் துள்ளுகிறான் என்று கரையில் யாருக்கும் விளங்கவில்லை. சௌம்யா தொண்டை கிழிய மூன்றாம் முறை கத்தினாள். அங்கிருந்து மூச்சு வாங்கிக்கொண்டே பதில் வந்தது.

"குதிச்சிட்டுத்தான பாப்பா இருக்கறேன்? இதுக்கு மேல எப்புடிக் குதிக்கறது?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். வைஷாலிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அதற்குள் பின்னால் படபடவென்று சத்தம். செல்லக்கண்ணு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து கியர் போட்டுக்கொண்டிருந்தார். கயிறு மெல்ல விறைத்தது. சௌம்யா ஓடிப்போய் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆஃப் பண்ணுங்க மாமா. கால் உள்ள கவ்விக் கெடக்கு. வண்டிய வெச்சு இழுத்தா எலும்பு கழண்டுரும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். சாவியைத் திருப்பி அணைத்தார். "அப்ப யாரு போறது? நான் எறங்குனா ஏரி கரைக்கு வந்துரும்" என்றார்.

நான் போகிறேன் என்று வைஷாலி செருப்பைக் கழற்றினாள். அவள் கிளப்பில் இல்லை. விதியும் தெரியாது, சேறும் தெரியாது. சௌம்யாவுக்கு எல்லாம் தெரியும், பயம் உட்பட. "நீ கயிற உடாத" என்று யாரோ சொல்வது அவளுக்கே கேட்டது. சொன்னது அவள்தான். ஷூ லேஸை இரண்டு முடிச்சாக இறுக்கினாள். லாரி டியூப்பில் இரண்டாவது கயிற்றைக் கட்டி முனையை செல்லக்கண்ணுவிடம் கொடுத்தாள். தண்ணீர் பாட்டிலை இடுப்பில் செருகினாள். மூன்றாவது பலகையைச் சேற்றின்மேல் தள்ளி அதில் ஏறினாள்.

பலகை லேசாக அமிழ்ந்து, 'ப்ளக்' என்றது. அவள் உயிரும் கூடவே 'ப்ளக்' என்றது.

நிற்க முடியவில்லை. சரி, நிற்கத்தான் வேண்டும் என்று எந்த விதியும் இல்லையே என்று குப்புறப் படுத்துக்கொண்டாள். டியூப்பை முன்னால் தள்ளி, அதில் மார்பைப் போட்டுக்கொண்டு, பலகையை இழுத்து, மறுபடி அதில் ஊர்ந்து, மெதுவாகப் போனாள். மூக்குக்கு நேரே சேறு. அதற்குள்ளிருந்து குமிழ் குமிழாகக் காற்று வந்து உடைந்துகொண்டிருந்தது. ஒரு நீலக்கோழி எதிரே நின்று இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, விரலை விரித்து ஒய்யாரமாக நடந்துபோனது. அந்த நிலைமையிலும் சௌம்யாவுக்கு அதன்மேல் பொறாமையாக இருந்தது.

தருணின் முகம் வெளுத்திருந்தாலும் வாய் சும்மா இல்லை.

"சௌமி, உங்கூரு ஏரிக்குள்ளார எவனோ பூட்ஸப் புடிச்சிட்டு உட மாட்டீங்கறான்."

"அண்ணா, கன்னடத்துல சொல்லிட்டேன். கூத்கோன்னா உக்காரு. குதின்னு இல்ல."

அவன் கண்ணிமையில் தெறித்திருந்த சேற்றை வழித்துவிட்டான். பிறகு ரொம்பப் பொறுமையாகக் கேட்டான், இதைக் கொஞ்சம் முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று.

இப்போது உட்காரச் சொன்னால் அவன் கேட்கவில்லை. தப்பு அவன்மேல் இல்லை. மொதல்ல குதிங்கற, இப்ப உக்காருங்கற, உக்காந்தா மூஞ்சி வரைக்கும் போயிருவேன் என்று அவன் உடம்பை விறைத்துக்கொண்டு நின்றான். எவ்வளவு விளக்கினாலும் அவன் கண் அவள் வாயை நம்பவில்லை. விறைக்க விறைக்க இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கினான்.

இனிமேல் சொல்லிப் பயனில்லை, செய்து காட்ட வேண்டும். சௌம்யா பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, வலது காலைக் கீழே விட்டாள். குளிர்ந்தது. அதே கன்றுக்குட்டி. முட்டி வரை சப்பி இழுத்தது. இடது காலையும் விட்டாள். பலகையிலிருந்து கையை எடுத்தாள். நில்லு. நின்றாள். கூத்கோ. காற்றில் ஒரு நாற்காலி இருப்பதாக நினைத்துக்கொண்டு அப்படியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள்.

சேறு அவளைத் தாங்கியது.

ஈரமான மெத்தையில் உட்கார்ந்த மாதிரி, இடுப்புக்குக் கீழே மெத்தென்று இருந்தது. மேலே போகவும் இல்லை, கீழே போகவும் இல்லை. கண்ணைத் திறந்தாள். அண்ணன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். பயம் போய்விடவில்லை, அது பக்கத்திலேயே, அவளைப் போலவே சேற்றில் உட்கார்ந்திருந்தது. ஆனால் இப்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"பாத்தியாண்ணா? இதான் கூத்கோ."

அவன் டியூப்பை முதுகுக்குக் கொடுத்து மெல்லச் சாய்ந்தான். சாய்ந்ததும் தொடைக்கு மேல் இருந்த பிடி தளர்ந்தது. பாதத்தை மட்டும் சின்னச் சின்ன வட்டமாக ஆட்டச் சொன்னாள். காலை ஒட்டி மூங்கிலால் குத்தி இடைவெளி உண்டாக்கி, பாட்டில் தண்ணீரை அதில் ஊற்றினாள். தண்ணீர் உள்ளே இறங்க இறங்க சேறு கஞ்சியாகக் குழைந்தது. பூட்ஸ் வரவில்லை. பூட்ஸை விட்டுவிட்டுக் காலை மட்டும் உருவச் சொன்னாள். முதலில் வலது கால், நீளமாக, அசிங்கமான ஒரு சத்தத்தோடு வெளியே வந்தது. கரையிலிருந்து செல்லக்கண்ணு, அது நான் இல்லை என்று சத்தமாக அறிவித்தார். சிரித்ததில் இடது காலும் வந்துவிட்டது.

தன் காலையும் அதேபோல் உருவிக்கொண்டு பலகையில் ஏறினாள். புல்திட்டு வரை குப்புற ஊர்ந்துபோய் ட்ரோனைத் தூக்கி டி-ஷர்ட்டுக்குள் வைத்துக்கொண்டவளும் அவள்தான். எடுத்து வரச் சொல்லி அவளை யாரும் கேட்கவில்லை, அவளாகவே போனாள்.

இருவரும் பல்லி மாதிரி ஊர்ந்து கரை சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. மஞ்சள் பூட்ஸ் இரண்டும் அரளிக்கெரேயிடமே தங்கிவிட்டன. வைஷாலி கார்டை உருவித் துடைத்துத் தன் போனில் போட்டுப் பார்த்தாள். தாத்தா ஆடினார். இரண்டு பேர் சேறு வழிய, நான்கு பேரும் நின்று அதை முழுதாகப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை காலை தருண் ஒன்றையும் மறைக்கவில்லை. கார்டையும் ட்ரோனையும் மேஜைமேல் வைத்துவிட்டு, தெரிந்த தமிழிலும் தெரியாத கன்னடத்திலும் எல்லாவற்றையும் கொட்டினான். மஞ்சுநாத் கார்டை லேப்டாப்பில் போட்டார். தாத்தா கம்பைக் கொடுப்பதிலிருந்து ஆடி முடிப்பது வரை பார்த்தார். மறுபடி ஓட்டிப் பார்த்தார். அப்புறம் திரும்பி, என் பூட்ஸ் எங்கே என்று கேட்டார். தருண் ஏரி இருக்கும் திசையைக் காட்டினான். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி, மொதல்லேருந்து சொல்லு என்கிற பாவனையில் ஒரே வார்த்தை சொன்னார்.

"கூத்கோ."

மைசூருக்கு வந்த பிறகு தருண் இவ்வளவு சரியாக எந்த வார்த்தையையும் புரிந்துகொண்டதில்லை. பொத்தென்று உட்கார்ந்தான். வேலை போகவில்லை. வளைந்த இறக்கை நேராகும் வரை ட்ரோன் பக்கம் போகக் கூடாது, லைட்தான் பிடிக்க வேண்டும் என்பதோடு முடிந்தது.

அன்று ராத்திரி சௌம்யா மறுபடி போர்வைக்குள் போனாள். நகக்கண்ணில் இன்னும் சேறு இருந்தது. அடுத்த வாரம் கிளப் போகிற ஏரியை நினைத்தால் உள்ளங்கால் கூசத்தான் செய்தது. போனை வாயருகே கொண்டுபோனாள். அப்பாவின் குறட்டைக்குப் பக்கத்தில் இப்போது அண்ணனின் குறட்டையும் சேர்ந்திருந்தது.

"வைஷு, கிளப்ல பை புடிக்கறதுக்கு வேற ஆள் பாத்துக்கச் சொல்லப்போறேன். பயமாத்தான் இருக்கு, இருந்துட்டுப் போட்டும். ரூல்ஸ தமிழ்லயும் சொல்லணும்னு முடிவு பண்ணிட்டேன். அப்புறம், இந்த மெசேஜ ஸ்பீக்கர்ல போட்டாலும் பரவால்ல. டியூப் குடுத்த அந்த லாரிக்கார அண்ணனும் கேக்கட்டும்."